அமெரிக்காவில் சொகுசு செடானை லீஸில் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் சொகுசு செடான் ஒன்றை லீஸில் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மாதத் தவணை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். டீலரும் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று திருப்பிக் கேட்டு, அந்தத் தொகைக்குள் அடங்கும்படி ஒரு கணக்கைப் போட்டு நீட்டிவிடுகிறார். லீஸில் நாம் காரின் முழு விலையையும் கொடுப்பதில்லை. கார் நம்மிடம் இருக்கும் காலத்தில் அது இழக்கும் மதிப்பையும், அந்தக் காலத்துக்கான வட்டியையும்தான் கொடுக்கிறோம். ஆகவே விலை குறைந்த காரைத் தேடுவதைவிட, மூன்று ஆண்டுகளில் மதிப்பு அதிகம் குறையாத காரைத் தேடுவதே சரியான தொடக்கம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். முதல் காரின் ஸ்டிக்கர் விலை, அதாவது நிறுவனம் காரில் ஒட்டியிருக்கும் விலை, 60,000 டாலர். பேரம் பேசி 56,000-க்கு இறக்கியிருக்கிறோம். 36 மாத முடிவில் அதன் மதிப்பு, அதாவது ரெசிடுவல், 58 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சதவீதம் எப்போதும் ஸ்டிக்கர் விலையின் மீதே கணக்கிடப்படுவதால் ரெசிடுவல் 34,800 டாலர் ஆகும். பேசிய விலையிலிருந்து ரெசிடுவல் வரை குறையும் 21,200 டாலரை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 588.89 டாலர். வட்டிக்கு, பேசிய விலையையும் ரெசிடுவலையும் கூட்டி, லீஸின் வட்டி அளவைக் குறிக்கும் சிறு எண்ணான மணி ஃபேக்டரால் பெருக்க வேண்டும். அது 0.00200 என்றால் 181.60 டாலர். ஆக, வரிக்கு முன் மாதத் தவணை 770.49 டாலர். இரண்டாவது காரின் ஸ்டிக்கர் விலை 58,000. டீலர் தாராளமாக 52,000-க்குத் தருகிறார். ஆனால் ரெசிடுவல் 50 சதவீதம்தான். அதே மணி ஃபேக்டரில் அதன் தவணை 800.89 டாலர் வருகிறது. நான்காயிரம் டாலர் மலிவாகத் தெரிந்த கார், மாதாமாதம் முப்பது டாலர் கூடுதலாகக் கேட்கிறது.

ரெசிடுவலை நிர்ணயிப்பது கார் நிறுவனத்தின் நிதிப் பிரிவோ லீஸ் கொடுக்கும் வங்கியோதான். அதில் டீலரிடம் பேரம் பேசப் பயனில்லை. பேரம் பேச வேண்டியது விற்பனை விலையையும் மணி ஃபேக்டரையும்தான். மணி ஃபேக்டரை 2,400-ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான ஆண்டு வட்டி விகிதம் கிடைக்கும், 0.00200 என்பது 4.8 சதவீதம். 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் குத்தகைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் மொத்த வட்டித் தொகையை டாலரில் எழுதிக் காட்டச் சொல்கின்றனவே தவிர, மணி ஃபேக்டரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவில்லை. எனக்கே இது நேர்ந்தது. வங்கி என் கிரெடிட் ஸ்கோருக்கு 0.00200 கொடுத்திருக்க, டீலர் அதை 0.00240 ஆக்கி, தவணையை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். மேலே சொன்ன முதல் காருக்கு இந்தச் சிறு மாற்றம் மாதம் 36 டாலர், மூன்று ஆண்டுகளில் 1,300 டாலருக்கும் மேல். வங்கியின் அடிப்படை விகிதம் எது என்று நேராகக் கேட்டபோதுதான் அவர் பழைய எண்ணுக்கு இறங்கி வந்தார். எனவே விற்பனை விலை, ரெசிடுவல் சதவீதம், மணி ஃபேக்டர், கட்டணங்கள் ஆகிய நான்கையும் மின்னஞ்சலில் எழுத்தாகப் பெறாமல் ஷோரூமுக்குப் போக வேண்டாம்.

இனி காருக்கு வருவோம். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாமல், காரில் உட்காரப் போகிறவர்கள் எல்லோரையும் அழைத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா பிஎம்டபிள்யூ 3 சீரீஸின் பின் இருக்கையில் அமர்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கதவின் மேல் விளிம்பில் தலை இடிக்காமல் வெளியே வர இரண்டு முறை முயன்றதைப் பார்த்த பிறகு, குதிரைத் திறனைப் பற்றிய என் எண்ணங்கள் பின்னுக்குப் போய்விட்டன. முன்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்ட லெக்சஸ் ஈஎஸ் பின் இருக்கையில் கால் நீட்ட நல்ல இடம் தருகிறது. மெர்சிடிஸ் ஈ கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரீஸ், ஜெனசிஸ் ஜி80 ஆகியவையும் பெரியவர்களுக்கு வசதியானவை. குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துச் சென்று, பின்நோக்கிப் பொருத்தினால் முன்னே அமர்பவருக்கு இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, லெக்சஸ் ஆகியவை அடிப்படையாக 4 ஆண்டு அல்லது 50,000 மைல் தருகின்றன. ஜெனசிஸ் 5 ஆண்டு அல்லது 60,000 மைல் தருகிறது. 36 மாத லீஸ் இவை எல்லாவற்றுக்குள்ளும் அடங்கிவிடும் என்பதால், உத்தரவாதக் காலத்தை மீறிய லீஸ் எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. டயரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பல பிஎம்டபிள்யூ மாடல்களில் ஸ்டெப்னி இல்லை. காற்றுப் போனாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர்கள் இருக்கும். குளிர்காலக் குழிகள் நிறைந்த சாலைகளில் பெரிய சக்கரமும் மெலிந்த டயரும் அடிக்கடி செலவு வைக்கும். அழகுக்காகப் பெரிய சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு டயரின் விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மைல் வரம்பு பொதுவாக ஆண்டுக்கு 10,000, 12,000, 15,000 என்று இருக்கும். தாண்டினால் சொகுசுக் கார்களுக்கு மைலுக்கு 25 அல்லது 30 சென்ட் கேட்பது வழக்கம். நியூ ஜெர்சியில் அலுவலகத்துக்கு ஒரு வழிக்கு 30 மைல் ஓட்டுபவர், ஆண்டில் 230 நாள் போய் வந்தாலே 13,800 மைல் ஆகிவிடும்; பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போவதும் வார இறுதிக் கடை கண்ணியும் இதில் சேரவில்லை. பயன்படுத்தாத மைலுக்குப் பணம் திரும்பி வராது என்பதும் உண்மை. ஆகையால் இப்போதைய காரின் ஓடோமீட்டரைப் பார்த்துக் கணக்கிடுங்கள். மனக்கணக்கு எப்போதும் குறைவாகவே வரும்.

முன்பணம் கொடுத்துத் தவணையைக் குறைக்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். எடுத்த இரண்டாம் மாதமே கார் விபத்தில் முற்றிலும் சேதமானால், காப்பீட்டுத் தொகை லீஸ் நிறுவனத்துக்குப் போகும்; நீங்கள் முன்பணமாகக் கொடுத்த ஐயாயிரம் டாலர் பெரும்பாலும் திரும்பாது. காப்பீட்டுத் தொகைக்கும் லீஸில் மீதமுள்ள கடனுக்கும் இடையிலான வித்தியாசத்தை ஈடுசெய்யும் கேப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பல லீஸ்களில் அது உண்டு. வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு தவணையின் மீதும், நியூ ஜெர்சியில் தொடக்கத்திலேயே மொத்தமாகவும் விதிக்கப்படுகிறது, டெக்சஸில் காரின் முழு விலைக்குமான 6.25 சதவீதம் நம் தலையில் வந்து விழும். மின்சாரச் செடானை நினைப்பவர்கள், 7,500 டாலர் கூட்டாட்சி வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டதை நினைவில் வைத்து, பழைய தவணைகளை எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால், லீஸை இடையில் முறிக்கும் செலவு மீதித் தவணைகளுக்கு இணையாகக்கூட வந்து நிற்கும். லீஸை வேறொருவர் பெயருக்கு மாற்ற அந்த நிதி நிறுவனம் அனுமதிக்கிறதா, மாற்றிய பிறகும் பொறுப்பு உங்கள் மீதே இருக்குமா என்பதை எடுக்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பதில் திருப்தி தராவிட்டால், எவ்வளவு பிடித்த காராக இருந்தாலும் விட்டுவிடலாம்.

கையெழுத்திடும் நாளில் ஒப்பந்தத்தின் எண்களை மின்னஞ்சலில் வந்த எண்களோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். லீஸைத் தொடங்க நிதி நிறுவனம் கேட்கும் அக்விசிஷன் கட்டணமும், திருப்பித் தரும்போது கேட்கும் டிஸ்போசிஷன் கட்டணமும் அதில் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். கேட்காமலேயே சேர்க்கப்பட்ட பெயின்ட் பாதுகாப்பு போன்றவற்றை அடித்துவிடச் சொல்லுங்கள். வாங்கிய பொருளை மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கும் விதி ஷோரூமில் கையெழுத்திட்ட லீஸுக்குப் பொருந்தாது. சாவியைப் பெற்றதும் நான்கு சக்கரங்களையும், பம்பர் ஓரங்களையும், ஓடோமீட்டரையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.