மதுரை வெயிலுக்கு எந்த லில்லி வைக்கலாம்?

கொடைக்கானல் போய்வரும்போது ஆசைப்பட்டு லில்லிக் கிழங்கு வாங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏசியாட்டிக், ஓரியண்டல் என்று பெரிய பூப் படம் போட்டு விற்கிற கிழங்குகள் ஒழுங்காகப் பூக்க சில வாரமாவது நல்ல குளிரில் கிடக்க வேண்டும். நம் ஊரில் அதற்கு வழியில்லை. நான் வைத்த கிழங்கு முதல் வருடம் இரண்டு பூ கொடுத்தது, மறு வருடம் வெறும் இலைதான், அதுவும் சித்திரை வெயிலில் நுனியெல்லாம் கருகிப்போனது. வீட்டில் பூனை இருந்தால் அந்த வகை பக்கத்திலேயே வேண்டாம், இலையையோ மகரந்தத்தையோ கொஞ்சம் நக்கினாலே அதன் சிறுநீரகம் கெட்டுவிடும்.

இங்கே வைக்க வேண்டியது ஃபுட்பால் லில்லி, மழை லில்லி, ஸ்பைடர் லில்லி. மூன்றுமே உண்மையில் அமரில்லிஸ் குடும்பம், பெயரில்தான் லில்லி. ஆனால் நம் வெயிலைத் தாங்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபுட்பால் லில்லி. மாசி, பங்குனியில் கையில் அழுத்தினால் கெட்டியாக இருக்கிற கிழங்காகப் பார்த்து வாங்குங்கள், மெத்தென்று அமுங்கினால் அழுகல். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து, கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நட்டு, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வையுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தையொட்டி, இலை விரியும் முன்பே மொழுமொழுவென்று ஒரு தண்டு கிளம்பும், நாலைந்து நாளில் அதன் உச்சியில் சிவப்பு ஊசிகளைச் செருகி வைத்த பந்து போல ஒரே பூ. ஒரு கிழங்குக்கு வருடத்துக்கு ஒரு பூதான், ஒரு வாரம் பத்து நாள் நிற்கும். பூ வாடியதும் தொட்டியை ஓரங்கட்டிவிடாதீர்கள், அடுத்த வருடப் பூவுக்கு வேண்டிய சத்தை இனி வருகிற இலைதான் சேர்த்து வைக்கும். கார்த்திகை, மார்கழியில் இலை தானாகப் பழுத்ததும் தண்ணீரை நிறுத்திவிடலாம்.

மழை லில்லிக்கு நேர் வெயில் வேண்டும். அகலத் தொட்டியில் பத்துப் பதினைந்து கிழங்கை நெருக்கி நடுங்கள், நெருக்கடியில்தான் நன்றாகப் பூக்கும். தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் இலைதான் வளரும். இரண்டு மூன்று வாரம் காயப்போட்டு, அப்புறம் தொட்டி நிறைய ஒரே ஊற்றாக ஊற்றுங்கள், சில நாளில் மொட்டு வரும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருக்களில் கோடை மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஸ்பைடர் லில்லி பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணீர் தேங்குகிற மூலையில்கூட வரும், சாயங்காலம் மணக்கும்.

முக்கிய எதிரி புழு. கருப்பு உடம்பில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளியுமாகக் கூட்டமாக இருக்கும், ஒரே ராத்திரியில் இலையை மொட்டையடித்துவிடும். பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் பார்த்தால் கிடைக்கும், கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மறுநாள் சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை வெந்துவிடும்.