உலை எண்ணெயில் இறங்கிய தண்ணீரைப் பிரித்தது எப்படி

மார்கழி மழையில் எங்கள் ஆலையின் உலை எண்ணெய்த் தாங்கிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. வாழைச்சேனைப் பக்கம் மாரி அடித்துப் பெய்தால் மூடியில் சின்ன இடுக்கே போதும். பர்னர் விட்டுவிட்டு அணைந்தது. அடி வால்வைத் திறந்தால் தண்ணீர் தனியாக வரவில்லை, எண்ணெயும் நீர்த்துளிகளும் கலந்த மண்ணிறக் குழம்புதான் வந்தது.

"கொஞ்ச நாள் விட்டால் தானே பிரியும்" என்றார்கள். இது அப்படிப் பிரிகிற சாமான் இல்லை. உலை எண்ணெய் மாதிரிக் கன எண்ணெயிலேயே அஸ்பால்டீன் (தார் போன்ற கனமான பொருள்), ரெசின் (பிசின் போன்ற பொருள்), நாப்தெனிக் அமிலம் எல்லாம் இயற்கையாக இருக்கின்றன. இவற்றில் ஒரு பகுதி எண்ணெயை நாடும், இன்னொரு பகுதி தண்ணீரை நாடும். அதனால் ஒவ்வொரு நீர்த்துளியின் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். அஸ்பால்டீன் அங்கே ஒன்றோடொன்று பின்னிப் பாலாடை மாதிரித் தோலாகும். துளிகள் மோதினாலும் சேராது. நாள் போகப்போகத் தோல் இன்னும் இறுகும்.

முதலில் சுற்றோட்டப் பம்பை நிறுத்தினேன். அது துளிகளை மேலும் பொடியாக்கும். சோப்புத்தண்ணீர் ஊற்றச் சொன்னவரிடம் வேண்டாம் என்றேன். சோப்புத்தண்ணீரின் காரம் பட்டால் அந்த நாப்தெனிக் அமிலமே சோப்பாகி, குழம்பை இன்னும் நிலைக்க வைக்கும். நீராவிச் சுருளால் மெல்லச் சூடாக்கி, ஃபிளாஷ் பாயின்டுக்கு (எண்ணெயின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலைக்கு) கீழே, 50 பாகை செல்சியஸில் வைத்தேன். எண்ணெய் இளகினால் துளி இறங்கும். அடர்த்தி வித்தியாசமும் கூடும். அப்புறம் டீமல்சிஃபையர், அதாவது குழம்பைப் பிரிக்கிற இரசாயனம், அளவாகத்தான். அது தோலுக்குள் புகுந்து அஸ்பால்டீனை விலக்கும். கூடிப்போனால் குழம்பு திரும்பவும் நிலைத்துவிடும்.

இப்போது அடி வால்வில் தண்ணீர் வருகிறது. அதிலும் எண்ணெய் இருக்கும், கானில் விட்டால் வாவிக்குத்தான் போகும். தனிப் பீப்பாய்களில் பிடித்து வைக்கிறோம்.