சீரியல் நடிகரிடம் கேள்வி கேட்பதும், வந்த பதிலைப் பிரித்து மேய்வதும்

நமக்குப் பிடித்த சீரியல் ஹீரோ இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் "கேளுங்க, பதில் சொல்றேன்" என்று ஒரு பெட்டியைப் போட்டுவிட்டால் அடுத்த அரை மணி நேரம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முக்கால்வாசிப் பேர் "ஹாய் அண்ணா", "என் தங்கச்சிக்கு பர்த்டே, விஷ் பண்ணுங்க ப்ளீஸ்", "சாப்டீங்களா" என்று அனுப்புவார்கள், மிச்சமிருப்பவர்கள் "ஹீரோயினோட எப்போ சேருவீங்க" என்பார்கள். அவரும் கண்ணடிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு "வெயிட் அண்ட் வாட்ச்" என்று முடித்துக்கொள்வார். அந்த மூன்று வார்த்தைக்கு நாம் வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை பொழிப்புரை, விளக்கவுரை எல்லாம் எழுதுவோம். ஜாலிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துக் கேட்டால் அதே மனிதரிடமிருந்து வாரம் முழுக்கப் பேசுகிற மாதிரி ஒரு பதில் வாங்கலாம்.

அதற்கு முதலில் அவர் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் பக்கம் ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள், இல்லையென்றால் பூந்தமல்லி தாண்டி இவிபி ஃபிலிம் சிட்டி மாதிரி இடங்கள், நம் சீரியல்களில் நிறைய அங்கேதான் எடுக்கிறார்கள். பல சமயம் மேக்கப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அன்றைய சீன் பேப்பரே கைக்கு வரும். வசனத்தை உதவி இயக்குநர் கேமரா பக்கத்தில் நின்று வரிவரியாகச் சொல்ல, இவர் அதை வாங்கிப் பேசுவார், பிராம்ப்டிங் என்பது அதுதான். ஹால் சீன் என்றால் இரண்டு மூன்று எபிசோடுக்கு வேண்டிய ஹால் சீன்களை லைட்டிங் கலைக்காமல் சேர்த்தே எடுத்துவிடுவார்கள், அதனால் காலையில் அழுதுவிட்டு, எதற்காக அழுதாரோ அந்தச் சண்டையை சாயங்காலம் போட வேண்டியிருக்கும். கதையோ ரேட்டிங்கைப் பார்த்துப் பார்த்து நெளிகிற கதை. வியாழக்கிழமை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கிற பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங் வந்ததும் ஒரு டிராக் இழுபடும், இன்னொன்று சத்தமில்லாமல் காணாமல் போகும். இந்த லட்சணத்தில் "அடுத்து என்ன ஆகும்" என்று நடிகரிடம் கேட்டால் அவர் பாவம் என்ன சொல்வார்? பாதி அவருக்கே தெரியாது. தெரிந்த பாதியை வெளியே சொன்னால் சேனலில் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

ஆகவே நடக்கப்போவதை விட்டுவிட்டு ஏற்கெனவே ஒளிபரப்பானதைக் கேளுங்கள். அது அவர் செய்த வேலை, அதைப் பற்றிப் பேச அவருக்கு யார் அனுமதியும் வேண்டாம், சொல்லப்போனால் பேச ஆசையாகவே இருக்கும்.

"செம ஆக்டிங் அண்ணா" என்றால் "நன்றி" வரும், அவ்வளவுதான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நிச்சயதார்த்த எபிசோட்ல அப்பா அறைஞ்சதும் கன்னத்தைத் தொடாம வாட்ச்சைக் கழட்டி டேபிள்ல வச்சீங்களே, அது பேப்பர்ல இருந்ததா, நீங்களா பண்ணதா?" பேப்பரில் இருந்தது என்று வந்தாலும் சுவாரசியம், தானாகச் செய்தது என்று வந்தாலும் சுவாரசியம். அந்த வாட்ச் அப்பா வாங்கிக் கொடுத்தது என்பதை இருநூறு எபிசோடு முன்னால் பார்த்து ஞாபகம் வைத்திருக்கிற ஆள் கேட்கிறார் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும். குவிந்து கிடக்கிற ஹாய்களுக்கு நடுவில் இப்படி ஒன்றைப் பார்த்தால் யாருக்கும் விரல் நிற்கும்.

இந்த மாதிரிக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. டைனிங் டேபிள் சீனில் நாலு ஆங்கிளில் எடுத்து முடிப்பதற்குள் இட்லி என்ன ஆகிறது? மழை சீனுக்குத் தண்ணீர் லாரி வந்ததா, நிஜ மழையா? மூன்று எபிசோடுக்கு ஒரே சட்டையில் வந்தீர்களே, நடுவில் துவைத்தார்களா? உங்களுக்கு உங்கள் குரலா, டப்பிங்கா? இதெல்லாம் அற்பமான கேள்வி மாதிரி தெரியும். நல்ல பதில்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. "நடிப்பு என்றால் உங்களுக்கு என்ன" என்று தத்துவமாகக் கேட்டால் தத்துவமாகவே ஒரு வரி வரும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு பெட்டிக்கு ஒரு கேள்வி போதும். நாலு கேள்வியைக் கோத்து அனுப்பினால் அவர் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். குமுதத்தில் அரசு பதில்கள் படித்து வளர்ந்த தமிழ்நாட்டில் ஒரு வரிக் கேள்வியின் மகிமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுத்து விஷயத்தில் ஒரு சின்ன சங்கதி. நம் சீரியல் கதாநாயகிகளில் பலர் கர்நாடகாவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வருகிறவர்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், தமிழ் எழுத்தைப் படிக்க சிலருக்குத் திணறும். நீங்கள் அழகான தமிழில் தட்டி அனுப்பியது அதனாலேயே கடந்து போயிருக்கலாம். அவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புங்கள், மொழிப்பற்றை வேறு இடத்தில் காட்டிக்கொள்ளலாம். கூப்பிடுவதில் அண்ணா, அக்கா, சார், மேம் எல்லாமே செல்லும். அம்மா வேடம் போடுகிறவரை மட்டும் எடுத்த எடுப்பில் "அம்மா" என்று ஆரம்பிக்காதீர்கள், பல சீரியலில் அவருக்கும் மகனாக நடிப்பவருக்கும் வயது வித்தியாசம் ரொம்ப இருக்காது, மனசுக்குள் திட்டுவார்.

இன்னொன்று. அந்தக் கேள்விப் பெட்டியில் வந்ததை நடிகர் ஸ்டோரியில் போடும்போது கேட்டவர் பெயர் ஊருக்குத் தெரியாது. அதை நம்பிச் சிலர் கண்டதையும் கேட்கிறார்கள். ஊருக்குத்தான் தெரியாது, பெட்டியைப் போட்டவருக்கு உங்கள் கணக்கின் பெயர் பளிச்சென்று தெரியும்.

சரி, பதில் வந்துவிட்டது. இனிமேல்தான் நம் வேலை.

"வெயிட் அண்ட் வாட்ச்" என்றால் ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. அதிலிருந்து கல்யாணத் தேதி குறிக்காதீர்கள். "டைரக்டர் சாரைக் கேளுங்க" என்றால் இந்தக் கேள்வி வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்கிறார். "சீக்கிரமே ஒரு சர்ப்ரைஸ்" என்பது சீரியலைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு ஆல்பம் பாட்டாக இருக்கலாம், துணிக்கடை விளம்பரமாகவும் இருக்கலாம். ஒரே சீரியலில் நடிக்கிற நாலைந்து பேர் ஒரே சாயங்காலம் பெட்டியைப் போட்டால் புரிந்துகொள்ளுங்கள், பெரிய ப்ரோமோ வருகிறது, சேனலில் சொல்லிப் போட வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வருகிற பதிலெல்லாம் ஒரே குரலில்தான் இருக்கும், நல்ல கேள்வியை அன்றைக்குச் செலவழிக்காதீர்கள். யாருமே எதிர்பார்க்காத ஒரு நாளில், ஷூட்டிங் பேக்கப் ஆகி வீட்டுக்குப் போகிற வழியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு போடுவார் பாருங்கள், அப்போதுதான் மனிதர் மனம் விட்டு எழுதுவார். ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த புண்ணியத்தில் அப்படி நமக்குக் கிடைத்த பதில்கள் எக்கச்சக்கம்.

போட்டோ ஆராய்ச்சி தனி உலகம். பதிலுக்குப் பின்னால் தெரிகிற சுவரை ஜூம் செய்து, அது பழைய வீட்டு செட்டா புது வீட்டு செட்டா, ஆக ஹீரோ தனிக்குடித்தனம் போகிறாரா என்று துப்பறிகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே வாடகை வீட்டில் நேற்று ஒரு சீரியலும் இன்று இன்னொரு சீரியலும் எடுப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். தாடி வளர்த்திருந்தால் கதையில் சோகம் வரப்போகிறது என்றும் அர்த்தமில்லை, ஷேவ் பண்ண நேரமில்லாமலும் இருந்திருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம், ஸ்கிரீன்ஷாட். ஸ்டோரி இருபத்து நாலு மணி நேரத்தில் போய்விடும், அவர் ஹைலைட்டில் சேர்த்து வைத்தால்தான் தங்கும். ஆகவே எடுத்து வைப்பது சரிதான். கேள்வியும் பதிலும் சேர்ந்து தெரிய எடுங்கள், தேதியையும் போட்டு குரூப்பில் இறக்குங்கள். பதிலை மட்டும் வெட்டி எடுப்பதுதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம். ஒருவர் கேட்கிறார்: "ரெண்டு வருஷமா ஒரே கேரக்டர், போர் அடிக்கலையா?" அவர் எழுதுகிறார்: "சில நாள் அடிக்கும். செட்டுக்குப் போய் அந்த டீமைப் பார்த்ததும் சரியாயிடும்." இதில் முதல் மூன்று வார்த்தையை மட்டும் ஒருவர் வெட்டிப் போடுவார், இன்னொரு குரூப்பில் அது "சீரியல் போர் அடிக்குதாம்" ஆகும், மறுநாள் காலையில் ஏதோ ஒரு யூடியூப் சேனலில் அழுகிற ஹீரோயின் படத்தோடு "விலகுகிறாரா?" என்று பெரிய எழுத்தில் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்குறி ஒன்றுதான் அவர்களுக்குக் கவசம். பாவம் அவர், அடுத்த தடவை பெட்டியைப் போடுவதற்கு முன் பத்து முறை யோசிப்பார். அப்புறம் நமக்கு மறுபடி "வெயிட் அண்ட் வாட்ச்" மட்டும்தான்.

லைவில் வாயால் சொன்னது இன்னும் ஆபத்து. கேட்ட உடனே அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். நீங்கள் ஊகித்ததை அதோடு கலக்காமல் "எனக்கு இப்படித் தோணுது" என்று தனியாகப் போடுங்கள். குரூப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், எதைப் பற்றிச் சண்டை என்பதாவது தெளிவாக இருக்கும்.

கேட்கவே வேண்டாம் என்று நான் நினைக்கிற கேள்விகளும் உண்டு. ஜோடியாக நடிப்பவரை நிஜத்தில் காதலிக்கிறீர்களா என்பது ஒன்று. அவர்கள் வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், படிப்பார்கள். சம்பளம் இன்னொன்று. இன்னொருவர் இடத்துக்கு வந்த நடிகரிடம் "பழைய ஆள் மாதிரி இல்லையே" என்பது மூன்றாவது, எனக்கு ரொம்பவே எரிச்சல் வருவது இதில்தான். 2023 செப்டம்பரில் மாரிமுத்து திடீரென்று இறந்துபோனபோது எதிர்நீச்சல் சீரியலின் ஆதி குணசேகரனாக அடுத்து வந்தவர் வேல ராமமூர்த்தி. ஊரே கொண்டாடிய ஒரு வேடம், அதில் இருந்தவர் இறந்த துக்கமும் ஆறவில்லை. அப்படி ஒரு இடத்தில் வந்து நிற்கிறவரிடம் ஒப்பிட்டுக் கேட்டு என்ன பதிலை எதிர்பார்க்கிறோம்? கேட்டே ஆக வேண்டும் என்றால், முதல் நாள் அந்த செட்டுக்குள் போனபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் அவரே மிச்சத்தைச் சொல்வார்.

கடைசியாக, பதில் உண்மையில் அவரிடமிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். அவர் பெயரில் ஒரு புள்ளி கூடவோ குறையவோ வைத்து ஏகப்பட்ட கணக்குகள் இருக்கின்றன. நீல டிக்கை மட்டும் நம்ப முடியாது, இப்போது அது காசு கொடுத்தாலே கிடைக்கிறது. சேனலின் பக்கத்தில் ப்ரோமோ போடும்போது எந்தக் கணக்கை டேக் செய்கிறார்கள் என்று பாருங்கள், அதுதான் அசல். "உங்க கேள்வி ரொம்பப் பிடிச்சிருந்தது, தனியா பேசலாமா" என்று தானாக மெசேஜ் வந்து, நாலு நாள் கழித்து ரசிகர் சந்திப்புக்கு முன்பணம், கிஃப்ட் கார்டு, ஓடிபி என்று பேச்சு திரும்பினால் அது உங்கள் ஹீரோ இல்லை. அந்த மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கணக்கை ரிப்போர்ட் செய்யுங்கள், பணம் போயிருந்தால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அடியுங்கள்.