டொமஹாக் வாங்குமுன்: பின்பக்கம் சுத்தியலா, முள்ளா?

டொமஹாக் என்பது வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் வழிவந்த சிறு கைக்கோடரி. என் முதல் டொமஹாக்கை அதன் பின்பக்க அழகுக்காகவே வாங்கினேன். முன்னால் வெட்டுவதற்கு மூன்று அங்குல வாய், பின்னால் பருந்தின் மூக்கைப் போலக் கீழே வளைந்த முள். கடைக்காரர் பக்கத்திலேயே இன்னொன்றையும் வைத்திருந்தார். அதே காம்பு, அதே வாய். பின்னால் மட்டும் ஒரு ரூபாய் நாணய அகலத்தில் தட்டையான சுத்தியல் முகம். அதை நான் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அக்டோபரில் ஒஹையோவின் ஹாக்கிங் ஹில்ஸ் பக்கம் குடும்பத்தோடு கூடாரம் போடப் போனோம். எங்களுக்குக் கிடைத்த இடத்தில் தரை முழுக்கச் சரளை. டொமஹாக் இருக்கிறதே என்ற தைரியத்தில் சுத்தியல் எடுத்துப் போகவில்லை. கூடார முளையை நிறுத்திப் பிடித்து, கையை ஓங்கிய பிறகுதான் எதைக் கொண்டு அடிப்பது என்ற கேள்வி எழுந்தது. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் முள். வேறு வழியில்லாமல் கோடரித் தலையின் கன்னத்தால், அதாவது தட்டையான பக்கவாட்டால், அடித்தேன். நான்காவது அடியில் தலை கையிலேயே உருண்டு, முள் என் இடது கை முட்டியைக் கீறிக்கொண்டு போனது. மனைவி ஒன்றும் சொல்லாமல் ஒரு கல்லை எடுத்து மீதி ஏழு முளைகளையும் அடித்து முடித்தாள்.

நான் பிழைப்புக்குக் கடைசல் பிடிக்கிறவன். எந்த இரும்பு எதற்கு என்று பட்டறைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே வேலை. அப்படிப்பட்டவன் ஏமாந்த கதை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

டொமஹாக் என்ற சொல் வர்ஜீனியா கரையோரத்தில் வாழ்ந்த பொவ்ஹாட்டன் மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் பழங்குடி மக்களிடம் விலங்குத் தோலுக்குப் பண்டமாற்றாக இரும்புக் கோடரிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை எளிய செய்முறை. இரும்புப் பட்டையை ஒரு கம்பியின்மேல் மடித்து, இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து, வாய்க்கு மட்டும் எஃகுத் துண்டு வைத்து அடித்துவிடுவார்கள். மடித்த இடமே காம்பு நுழையும் துளை. ஆகவே பின்பக்கம் வெறும் வளைவுதான். சுத்தியலும் கிடையாது, முள்ளும் கிடையாது. அந்த வளைவில் எதைக் கூட்டுவது என்பதில்தான் பின்னால் வந்த வகைகளெல்லாம் பிரிகின்றன. சுத்தியல் முகம் கூட்டினார்கள், முள் கூட்டினார்கள், காம்பைக் குடைந்து புகையிலை பிடிக்கும் கிண்ணம் கூட்டிச் சமாதானப் பேச்சுகளில் பரிசாகவும் கொடுத்தார்கள்.

வடிவத்தைத் தீர்மானிப்பது வேலைதான் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக் குழு 1804–05 குளிர்காலத்தில் இன்றைய வட டகோட்டாவில் மேண்டன் கோட்டையில் தங்கியிருந்தபோது, அவர்களுடைய கொல்லர்கள் அக்கம்பக்கத்துப் பழங்குடி மக்களுக்குப் போர்க் கோடரி அடித்துக் கொடுத்துச் சோளம் வாங்கினார்கள். மிக மெல்லிய, 7 முதல் 9 அங்குல நீள அலகு. காம்போ 14 அங்குலத்தைத் தாண்டாது. மொத்த எடை ஒரு பவுண்டு அளவில். இந்த அமைப்பு வசதியற்றது என்று லூயிஸ் தம் நாட்குறிப்பில் குறை எழுதினார். வாங்கியவர்கள் அதைத்தான் கேட்டார்கள். கொல்லர்களும் அதைத்தான் அடித்துக் கொடுத்தார்கள். அதைக் கொண்டு விறகு பிளக்கப் போகிறவர் லூயிஸ் அல்லவே.

முள் இன்று இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு வியட்நாம் போர் ஒரு காரணம். பீட்டர் லகானா என்பவர் 1966 முதல் 1970 வரை, பின்பக்கம் முள் வைத்த டொமஹாக்குகளைச் செய்து அங்கே போகும் சிப்பாய்களுக்குச் சுமார் 4,000 விற்றார். இன்றைய படை வகை டொமஹாக்குகள் பல அந்த வழியில் வந்தவை. டென்னசியின் சட்டனூகாவில் இருக்கும் ஆர்.எம்.ஜே. டாக்டிகல் என்ற நிறுவனம் செய்யும் ‘ஷ்ரைக்’ என்ற டொமஹாக் தலை முதல் காம்பு வரை ஒரே எஃகு, அதற்கும் முள்தான். கதவை உடைத்துக்கொண்டு நுழைவதும், சுவரில் துளை போடுவதும், கண்ணாடியைத் தகர்ப்பதும் ஒருவருடைய வேலையென்றால் முள் அவருக்குச் சோறு போடும். முழு அடியின் விசையும் ஒரு மிளகு அளவு இடத்தில் இறங்குகிறது அல்லவா. எனக்கு அப்படி ஒரு கதவு இன்றுவரை அமையவில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். கூடாரம், அடுப்புக்குச் சுள்ளி, காட்டுப் பாதை என்று போகிறவராக இருந்தால் சுத்தியல் பின்பக்கத்தை வாங்குங்கள். முளை அடிப்பது மட்டும் காரணமில்லை. துளைக்குப் பின்னால் இருக்கும் அந்த எடை வெட்டும்போது வாய்க்குத் துணை நிற்கிறது. இலேசான தலையைவிட இது ஆழமாக இறங்கும். இன்னொன்று, விறகுத் துண்டில் வாயை வைத்து, பின்பக்கத்தை ஒரு கட்டையால் தட்டித் தட்டிப் பிளக்கலாம். ஓங்கி வெட்ட வேண்டியதே இல்லை. குழந்தைகள் சுற்றி நிற்கும் இடத்தில் இதுதான் நிம்மதியான முறை. முள் வைத்ததில் இது நடக்காது. சிறு வேலைகளுக்குத் துளைக்குக் கீழே, தலையை ஒட்டிக் காம்பைப் பிடித்துச் செதுக்கும்போதும் தட்டைப் பின்பக்கம் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் பாதகமில்லை. முள் திரும்பியிருந்தால் வயிற்றின் நினைவு வந்துகொண்டே இருக்கும்.

சுத்தியல் முகம் இருக்கிறதென்று அதை வீட்டுச் சுத்தியலாக நினைத்துவிடாதீர்கள். கடையில் வாங்கிய உடனே ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல அரத்தை எடுத்து அந்த முகத்தின் ஓரத்தில் இலேசாக இழுத்துப் பாருங்கள். அரம் கடித்து, பொடி விழுந்தால் முகம் மிருதுவாக விடப்பட்டிருக்கிறது. மர முளை, சாதாரண இரும்பு முளை எல்லாவற்றையும் அடிக்கலாம். கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால் கடினப்படுத்திய முகம். அதைக் கொண்டு இன்னொரு கடின எஃகை, உதாரணமாகக் கான்கிரீட் ஆணியை, அடித்தால் சில்லு தெறிக்கும். பட்டறையில் அப்படித் தெறித்த சில்லு ஒருவரின் கண்ணருகே தைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. அதேபோல், மாட்டிக்கொண்ட டொமஹாக்கை விடுவிக்க அதன் முகத்தில் சம்மட்டியால் அடிக்காதீர்கள். துளையைச் சுற்றியுள்ள சுவர் மெல்லியது. துளை கோணிவிட்டால் எந்தக் காம்பும் ஒழுங்காக உட்காராது. மரக்கட்டை போதும்.

முள்ளுக்கும் நியாயமான வேலைகள் உண்டு. உறைந்த தரையைக் கொத்தலாம். பனிக்கட்டியை உடைக்கலாம். கீழே கிடக்கும் கட்டையில் முள்ளைக் குத்தி, குனிந்து தூக்காமல் நெருப்புப் பக்கம் இழுத்து வரலாம். இடுப்பு வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம். அப்படி வாங்குவதானால் முள்ளின் அடிப்பகுதியைப் பாருங்கள். சதுர வெட்டாக, துளையை நெருங்க நெருங்கத் தடிக்க வேண்டும். பென்சில் போல ஒரே கனத்தில் நீண்டிருந்தால் நெம்பும்போது வளையும், அல்லது ஒடியும். நுனியை ஊசியாகத் தீட்டாதீர்கள். கொத்தும் முனைக்கு ஊசிக் கூர்மை தேவையில்லை; முதல் கல்லிலேயே மழுங்கிவிடும்.

எறிவதற்காக வாங்குகிறவர்கள் தனிச் சாதி. இந்தியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் பழைய பாணித் துப்பாக்கிக்காரர்கள் ஆண்டுதோறும் கூடுவார்கள். அங்கே டொமஹாக் எறியும் களமும் உண்டு. காம்பின் நீளத்தையும் கையையும் பொறுத்து, 12 முதல் 15 அடி தூரத்தில் நின்றால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வாய் பலகையில் பதியும். பதியாத எறிகளைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவருக்குப் பாதிக்குமேல் பதியாது. காம்பு மோதித் தலை திரும்பி வரும். தட்டைப் பின்பக்கம் காலில் பட்டால் நீலம் பாயும், முள் பட்டால் தையல். அதைவிட முக்கியம், கையைத் தலைக்குமேல் பின்னால் கொண்டுபோகும் அந்தக் கணத்தில் முள் உங்கள் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முள் தற்செயலாகப் பலகையில் குத்தி நின்று, நன்றாக எறிந்துவிட்டதாக நம்மை நம்ப வைப்பது வேறு. கற்கும்வரை முள் வேண்டாம். பிறகும் களத்துக்குக் களம் விதி மாறும். முள் வைத்ததை அனுமதிப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கடையில் நிற்கும்போது மூன்று காரியங்கள். காம்பின் அடி முனையைத் தளர்வாகப் பிடித்துத் தலையைத் தொங்கவிட்டு இலேசாக ஆட்டுங்கள். வாய் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ள முயன்றால் தலையின் எடை சமமில்லை என்று பொருள். அடுத்து காம்பு. ஹிக்கரி என்ற உறுதியான அமெரிக்க மரம் என்றால் நல்லது; இழை நுனியிலிருந்து அடிவரை நேராக ஓட வேண்டும், பாதியில் பக்கவாட்டில் வெளியேறக் கூடாது. டொமஹாக்கின் காம்பு நம் ஊர்க் கூந்தாளிக்குப் போல மேலிருந்து இறங்குவது. வீச வீசத் தலை இறுகும். ஒடிந்தால் புதுக் காம்பைச் செருகி, உப்புத்தாளால் தேய்த்து உட்காரவைப்பது அரைமணி நேர வேலை. 19 அங்குலம் இடுப்பில் செருக வசதி. 22 அங்குலம் வெட்டுக்கு வலு. நான் 19ஐயே எடுத்தேன், குட்டையான மனிதன்.

மூன்றாவது உறை. சுத்தியல் வகைக்கு வாயை மூடினால் போதும். முள் வகைக்கு இரண்டு பக்கமும் மூட வேண்டும். பல உறைகள் வாயை மட்டும் மூடிவிட்டு முள்ளை அம்போவென்று விட்டுவிடுகின்றன. என் மழைச் சட்டையின் இடது பக்கம் இன்றும் ஒரு ஒட்டு இருக்கிறது. காரின் பின்னிருக்கையிலும் ஒன்று.

அந்த முதல் டொமஹாக்கை நான் விற்கவில்லை. வாங்க வந்த இருவரும் அன்று நான் பேசியதைப் போலவே பேசினார்கள். கொடுக்க மனம் வரவில்லை. கேரேஜில் ஆணியில் தொங்குகிறது. ஜனவரியில் கூரைக் குழாயிலிருந்து வடியும் நீர் படிக்கட்டின் கீழே உறைந்து பாறையாகிவிடும். அப்போது பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் முள்ளால் கொத்துகிறேன். பத்து நிமிடத்தில் வழி கிடைத்துவிடும். கூடாரப் பையில் இருப்பது தட்டைப் பின்பக்கம். அதை எடுத்து வைப்பது மனைவி.