மூன்று புள்ளி ஷாட்டை நம்பி ஏமாறாதீர்கள்: என்.பி.ஏ. டிராஃப்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்.பி.ஏ. என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கினால் போதும், ஒவ்வொரு பையனின் மூன்று புள்ளி ஷாட் (வளையத்திலிருந்து தள்ளியுள்ள வளைகோட்டுக்கு வெளியே இருந்து எறிவது) சதவீதத்தையும் எல்லோரும் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதிகம் ஏமாற்றுகிற எண்ணும் அதுதான்.

டெரிக் வில்லியம்ஸை எடுத்துக்கொள்வோம். அரிசோனா பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கடைசி சீசனில் மூன்று புள்ளி ஷாட்டில் 57 சதவீதம் போட்டார். 2011 டிராஃப்ட்டில் மினசோட்டா அணி அவரை இரண்டாவது இடத்தில் எடுத்தது. ஆனால் அவர் அந்த சீசனில் மொத்தமே 74 ஷாட்தான் எறிந்திருந்தார். அதில் பத்து பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்திருந்தால் 57 என்பது 43 ஆகியிருக்கும். என்.பி.ஏ.வுக்கு வந்தபின் 30 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டார்.

கல்லூரி சீசன் என்பதே முப்பது சொச்சம் ஆட்டங்கள்தான். அதனால் நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் எறிதலை. மறிக்க ஆள் கிடையாது, தூரமும் மாறாது. கையின் லட்சணம் அங்கே தெரிந்துவிடும். 2017-ல் மார்கெல் ஃபுல்ட்ஸ் மூன்று புள்ளி ஷாட்டில் 41 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 65. ஜேசன் டேட்டம் நேர் எதிர்: 34, 85. ஃபிலடெல்ஃபியா பாஸ்டனோடு பேரம் பேசி முதலிடத்தை வாங்கி ஃபுல்ட்ஸை எடுத்தது. மூன்றாம் இடத்துக்கு இறங்கிய பாஸ்டனுக்கு டேட்டம் கிடைத்தார். ஃபுல்ட்ஸுக்குத் தோள்பட்டையில் நரம்புப் பிரச்சினை இருந்தது பிறகுதான் தெரிந்தது, எனவே முழுப் பழியையும் இந்த எண் மேல் போட முடியாது. ஆனாலும் 41-க்கும் 65-க்கும் பொருத்தமில்லையே என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த தவறு, யாரோடு ஆடினான் என்று பார்க்காமல் விடுவது. 2003-ல் டெட்ராய்ட் இரண்டாவது இடத்தில் டார்கோ மிலிசிச்சை எடுத்தது. செர்பியாவில் அவர் பெரிதாக ஆடியிருக்கவில்லை. தனிப் பயிற்சியில் காட்டிய வித்தைதான் ஆளைத் தூக்கிவிட்டது. அடுத்தடுத்துப் போனவர்கள் பின்னாளில் நட்சத்திரங்களான கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். அந்தச் சூடு ஆறவே இல்லையோ என்னவோ, 2018-ல் லூகா டான்சிச் வந்தபோது தலைகீழாக நடந்தது. பத்தொன்பது வயதில், வளர்ந்த ஆண்களோடு ஆடி, ரியல் மாட்ரிட்டுக்காக ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைத் தொடரான யூரோலீக் கோப்பையையும் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வாங்கிய பையன். அவரைப் பார்த்து 'வேகம் போதாது, எகிறிக் குதிக்க மாட்டான்' என்றார்கள். இரண்டாவது இடத்தில் எடுக்கவிருந்த சாக்ரமென்டோவிடம் பந்தை நடத்திச் செல்ல ஏற்கெனவே டி'ஆரன் ஃபாக்ஸ் இருந்தார், சரி, உயரமான ஆள் வேண்டும் என்று மார்வின் பாக்லியை எடுத்தார்கள். இன்றைக்கு அணியில் எந்த இடம் காலி என்று பார்த்து முதல் ஐந்துக்குள் ஆள் எடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தை டிரேடில், அதாவது வேறு அணியோடு வீரர்களை மாற்றிக்கொண்டு, நிரப்பிக்கொள்ளலாம்.

உயரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2009-ல் 7 அடி 3 அங்குல ஹஷீம் தபீத் இரண்டாவதாகப் போனார், பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஸ்டீஃபன் கரி ஏழாவதாக. உடல்பலச் சோதனையும் அந்த ரகம்தான். 185 பவுண்டு எடையை ஒருமுறைகூடத் தூக்க முடியாத கெவின் டுரான்ட்டை அதற்காக யாராவது ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வயதை மட்டும் மறக்காதீர்கள். 2013-ல் முதலிடத்தில் போன ஆந்தனி பென்னட்டுக்கு 20. கிரேக்க இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்து 15-வது இடத்தில் போன, பின்னாளில் நட்சத்திரமான யானிஸ் அன்டெடோகும்போவுக்கு 18. இந்த இரண்டு வருடம் அந்த வயதில் பெரிய விஷயம். யானிஸ் அதற்கப்புறமும் உயரம்கூட வளர்ந்தார்.

கடைசியாக, காயம். 2007-ல் டுரான்ட்டை விட்டுவிட்டு கிரெக் ஓடனை எடுத்ததற்காக போர்ட்லாண்டை இன்றும் திட்டுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. முழங்காலால் அவர் மொத்தம் 105 ஆட்டங்களோடு முடிந்துபோனது உண்மைதான், ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த பெரும்பாலான அணிகள் அவரைத்தான் எடுத்திருக்கும். 1984-ல் இதே போர்ட்லாண்ட் மைக்கேல் ஜோர்டனைத் தாண்டி சாம் பவியை எடுத்தது வேறு கதை. அதே இடத்தில் ஆடும் கிளைட் டிரெக்ஸ்லர் இருக்கிறார், ஜோர்டன் எதற்கு என்று நினைத்தார்கள். பவியோ கால் எலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு முழு சீசன்கள் ஆடாமல் உட்கார்ந்திருந்தவர். அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.