பூச்சிக்கொல்லிகளைக் குழு எண் பார்த்து மாற்றி அடிப்பது எப்படி?

சென்ற முறை ஒரு கம்பெனி மருந்து, இந்த முறை வேறு கம்பெனி மருந்து. இரண்டு டப்பாவையும் திருப்பிப் பார்த்தால் ஒன்றில் இமிடாக்ளோபிரிட், மற்றதில் தயாமீத்தாக்சம். பெயரும் விலையும் வேறு. பூச்சியின் நரம்பில் இரண்டும் போய்ப் பற்றும் இடம் ஒன்றே. பூச்சியின் கணக்கில் ஒரே மருந்தைத்தான் இரண்டு முறை அடித்திருக்கிறோம்.

மருந்துக்குப் பூச்சி 'பழகிப்போய்விட்டது' என்று சொல்வது வழக்கம். ஒரு புழு தன் வாழ்நாளில் பழகிக்கொள்வதில்லை. கூட்டத்தில் முதலிலிருந்தே மிகச் சில பூச்சிகளுக்கு அந்த மருந்தைத் தாங்கும் மரபணு இருக்கும். மற்றவை சாக, இவை மட்டும் மிஞ்சி இனம் பெருக்கும். அதே மருந்தை அடுத்த தலைமுறைக்கும் அடித்தால் தாங்குபவற்றின் பங்கு இன்னும் கூடும். இது புதிய தொல்லையும் அல்ல. பழமரங்களைத் தாக்கும் சான் ஓசே செதில்பூச்சி கந்தக-சுண்ணாம்புக் கலவையைத் தாங்குவதை அமெரிக்காவில் பூச்சியியலாளர் மெலாண்டர் 1914-இலேயே எழுதிவிட்டார்.

படி 1: குழு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

1984-இல் உருவான ஐராக் (IRAC) என்ற பன்னாட்டு அமைப்பு, பூச்சிக்கொல்லிகளை அவை உடலில் எங்கே வேலை செய்கின்றன என்பதைப் பார்த்து எண்ணிட்டு வைத்திருக்கிறது. பல லேபிள்களில் இந்த எண் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் வணிகப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் டெக்னிக்கல் பெயரை (உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை) ஐராக் பட்டியலில் தேடுங்கள். அடிக்கடி கையில் வருபவை:

- 1ஏ, 1பி: கார்பமேட்டுகள் (இந்தியாவில் 2023-இல் தடைசெய்யப்பட்ட மெத்தோமில் போன்றவை), ஆர்கனோபாஸ்பேட்டுகள் (புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ்)
- 3ஏ: பைரித்ராய்டுகள் (சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின்)
- 4ஏ: இமிடாக்ளோபிரிட், தயாமீத்தாக்சம், அசிட்டாமிபிரிட்
- 5: ஸ்பைனோசாட், ஸ்பைனிடோரம்
- 6: எமாமெக்டின் பென்சோயேட், அபாமெக்டின்
- 11ஏ: பிடி (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா மருந்துகள்
- 22ஏ: இண்டாக்சாகார்ப்
- 23: ஸ்பைரோமெசிபென்
- 28: குளோரான்ட்ரனிலிப்ரோல், சயன்ட்ரனிலிப்ரோல், புளூபெண்டியமைடு
- 29: புளோனிகாமிட்

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள். 1ஏ, 1பி இரண்டும் தாக்குவது ஒரே நொதியை. 1ஏ-க்குப் பிறகு 1பி அடிப்பது சுழற்சி ஆகாது. வேறு வழியே இல்லாதபோதுதான் ஒரே எண்ணின் துணைக்குழுக்களுக்குள் மாற வேண்டும்.

இரண்டு இடங்களில் கணக்கு தவறும். ஒன்று, கலவை மருந்து. புரோபெனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த டப்பா என்றால் 1பி, 3ஏ இரண்டையும் செலவழித்துவிட்டீர்கள். அடுத்து சைபர்மெத்ரின் தனியாக வந்தாலும் அது மறுபடியும் 3ஏ தான். மற்றொன்று, விதைநேர்த்தி. இமிடாக்ளோபிரிட் பூசிய விதை போட்டு, முளைத்து மூன்று வாரத்தில் அசிட்டாமிபிரிட் அடித்தால் 4ஏ-க்கு மேல் 4ஏ. விதைநேர்த்தியையும் நாற்றுக்கு வேரில் ஊற்றியதையும் முதல் தெளிப்பாகவே எண்ணுங்கள்.

படி 2: நாட்களைக் கட்டங்களாகப் பிரியுங்கள்

பலர் வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி அடித்துவிட்டுச் சுழற்சி செய்ததாக நினைக்கிறார்கள். முதல் வாரம் 28, அடுத்த வாரம் 5, மறுபடி 28, மறுபடி 5 என்று போனால் ஒவ்வொரு தலைமுறையும் இரண்டையும் சந்திக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே தாங்கும் பூச்சிகளை வளர்க்கிறோம். நோக்கம் வேறு: ஒரு தலைமுறை ஒரு எண்ணைச் சந்தித்தால், அதன் பிள்ளைகள் அந்த எண்ணைச் சந்திக்கக் கூடாது. 28-ஐத் தாங்கி மிஞ்சியவற்றின் வாரிசுகளை 5 கொல்லும். வெளியிலிருந்து பறந்து வரும் சாதாரணப் பூச்சிகள் கலந்து, தாங்குபவற்றின் பங்கும் குறையும்.

அதனால் தெளிப்பை எண்ணாமல் தலைமுறையை எண்ண வேண்டும். ஒரு தலைமுறைக்கு எத்தனை நாள் என்று தெரியாவிட்டால் 30 நாளை ஒரு கட்டமாக வையுங்கள். கட்டத்துக்குள் தேவைப்பட்டால், லேபிள் அனுமதிக்கும் வரை, அதே எண்ணை மீண்டும் அடிக்கலாம். அடுத்த கட்டத்தில் அதைத் தொடவே கூடாது. 90 நாள் முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு ஒரு மாதிரித் திட்டம்:

- நட்டதிலிருந்து 30 நாள் வரை: 11ஏ, அது போதாவிட்டால் 28
- 31 முதல் 60 வரை: 5
- 61 முதல் அறுவடை வரை: 22ஏ, காத்திருப்புக் காலம் (கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய நாட்கள்) இடம் கொடுத்தால் மட்டும்

நல்ல வெயில் காலத்தில் இந்தப் பூச்சி மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். அப்போது கட்டத்தைச் சுருக்கலாம். ஆனால் கூடுதல் குழுக்கள் கையில் இருக்க வேண்டும். 50 நாளுக்குள் முடியும் கீரை போன்ற பயிர்களுக்கு முழுப் பயிரே ஒரு கட்டம். அதே இடத்தில் அடுத்து வரும் பயிருக்கு எண்ணை மாற்றுங்கள்.

பக்கத்துப் பாத்தியில் இருபது நாள் தள்ளி நட்ட அதே பயிர் இருந்தால், கட்டங்களை நடவு நாளை வைத்துப் பிரிக்காமல் காலண்டர் தேதியை வைத்துப் பிரியுங்கள். அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது.

ஒரு பூச்சியைக் குறிவைத்து அடித்தாலும் அங்கிருக்கும் எல்லாப் பூச்சிகள் மேலும் மருந்து படும். அசுவினிக்கு அடித்த 4ஏ, வெள்ளை ஈக்கும் அடித்ததாகத்தான் கணக்கு.

படி 3: அளவைச் சரிபாருங்கள்

தேவையில்லாத தெளிப்பு, எண் மாறியிருந்தாலும் தேவையில்லாததுதான். ஐந்து இடங்களில் நான்கு நான்கு செடிகளாக 20 செடிகளின் இலை அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பயிருக்குச் சொல்லப்பட்ட பொருளாதாரச் சேத நிலையை, அதாவது மருந்தடித்தால்தான் கட்டுப்படியாகும் என்ற பூச்சி எண்ணிக்கையை, தாண்டினால் மட்டும் மருந்தை எடுங்கள்.

அளவு குறைந்தால் அரைகுறையாகத் தாங்கும் பூச்சிகளும் பிழைத்துக்கொள்ளும். அதனால் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி, 100 சதுர மீட்டரை வழக்கமான நடையில் அடித்துப் பாருங்கள். 5 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 500 லிட்டர். 16 லிட்டர் டேங்க் 320 சதுர மீட்டருக்கு வரும். லேபிள் ஹெக்டேருக்கு 200 மி.லி. என்றால் ஒரு டேங்குக்கு 6.4 மி.லி. மூடியால் அளப்பதை விட்டுவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

தண்ணீரின் காரத்தன்மையையும் பி.எச். தாளால் பாருங்கள். 8-க்கு மேல் போனால் பல ஆர்கனோபாஸ்பேட்டுகளும் கார்பமேட்டுகளும் டேங்கிலேயே சிதையத் தொடங்கும். பிடி மருந்தை வெயிலின் புற ஊதாக்கதிர் கெடுக்கும், மாலையில் அடியுங்கள்.

படி 4: எழுதி வையுங்கள்

தேதி, டெக்னிக்கல் பெயர், குழு எண், அளவு, அடிப்பதற்கு முன் 20 செடிகளில் இருந்த எண்ணிக்கை, அடித்த பின் இருந்தது. பெரும்பாலானவற்றுக்கு மூன்றாம் நாள் எண்ணினால் போதும். நோவலூரான் போன்ற வளர்ச்சித் தடுப்பான்கள் தோல் உரிக்கும்போதுதான் கொல்லும்; அவற்றுக்கு ஒரு வாரம் பொறுங்கள்.

படி 5: பூச்சி சாகவில்லை என்றால்

அளவைக் கூட்டாதீர்கள், அதே எண்ணை மீண்டும் அடிக்காதீர்கள். எல்லாத் தோல்வியும் எதிர்ப்புத்திறன் இல்லை. வரிசையாகப் பாருங்கள்: பூச்சி சரியாக அடையாளம் காணப்பட்டதா, மழை கழுவியதா, மருந்து காலாவதியானதா, புழு ஏற்கெனவே முற்றியதா, நாசில் தேய்ந்திருக்கிறதா. அங்கங்கே திட்டுத் திட்டாக மட்டும் பிழைத்திருந்தால் மருந்து படாத இடம் என்று பொருள். நன்றாகப் பட்ட இலையிலும், வயல் முழுக்கச் சிறு புழுக்கள்கூட உயிரோடிருந்தால் சந்தேகிக்கலாம்.

இலை தின்னும் புழுக்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. வயலில் அடிக்கும் அதே செறிவில் கொஞ்சம் மருந்துக் கரைசல் ஒரு கிண்ணத்திலும், வெறும் தண்ணீர் இன்னொன்றிலும் எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு மருந்து படாத இலைகளை 10 விநாடி முக்கி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் டப்பாக்களில் தனித்தனியே வையுங்கள். ஒரே அளவுள்ள பத்துப் பத்துச் சிறு புழுக்களை விட்டு 72 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். தண்ணீர் டப்பாவிலேயே மூன்று நான்கு செத்திருந்தால் சோதனை செல்லாது, திரும்பச் செய்யுங்கள். தண்ணீர் டப்பாவில் எல்லாம் நலம், மருந்து டப்பாவில் பாதி உயிரோடு என்றால், அந்த எண்ணை இந்தப் பயிர் முழுக்க ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து அடிக்க நினைக்கும் எண்ணையும் இதே முறையில் சோதித்துவிட்டே டேங்கில் ஊற்றுங்கள். மருந்தை உடலுக்குள்ளேயே சிதைக்கும் நொதிகள் பெருகிய பூச்சிகள், இதுவரை பார்க்காத வேறு குழு மருந்தையும் சில நேரம் தாங்கிவிடும். அங்கே எண்ணை மாற்றுவது மட்டும் கைகொடுக்காது. அறுவடைக் கழிவை உடனே அழிப்பதும், சில வாரங்கள் அந்தப் பயிரே இல்லாமல் விடுவதும் சேர வேண்டும்.