காப்பிரைட் பதிவில் உரிமையாளர் பெயரைத் திருத்தும் முன்

ஈரோட்டில் மஞ்சள்தூள் பாக்கெட் போட்டு விற்பவர் ஒருவர், லேபிளின் காப்பிரைட் சான்றிதழை என் மேசையில் விரித்து வைத்தார். "ஓனர் பேரு தப்பா இருக்குதுங்க. ஒரு மனு எழுதிப் போட்டா மாத்திக் குடுத்துருவாங்கல்லங்க?" பார்த்தேன். உரிமையாளர் இடத்தில் அவருடைய அப்பா பெயர். கடை இப்போது அண்ணன் தம்பி பார்ட்னர்ஷிப்.

இதில் பிழையே இல்லை. பதிவான நாளில் அப்பாதான் உரிமையாளர். பிறகு தொழில் கை மாறியது, அதற்கான பத்திரம் மட்டும் எழுதப்படவில்லை. கொங்குப் பக்கத்துக் குடும்பத் தொழில்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. பாகம் பிரிக்கும்போது தோட்டத்துக்கும் குடோனுக்கும் பத்திரம் போடுவார்கள், லேபிளை யாரும் நினைப்பதில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 49ஆம் பிரிவில் காப்பிரைட் பதிவாளர் திருத்தக்கூடியது பெயர், முகவரி, விவரங்களில் உள்ள பிழை, கைத்தவறுதலாக நேர்ந்த பிழை, விடுபட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் இது பெரும்பாலும் இனிஷியல் தொல்லை. ஆதாரில் 'கே' என்று ஓர் எழுத்து, பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயர், சான்றிதழில் இரண்டும் இல்லாத மூன்றாவது வடிவம். இதற்கு அடையாள ஆவணங்களோடு விண்ணப்பித்தால் போதும். தனி ஆள் நடத்தும் கடையாக இருந்தால் கடைப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் ஆள்தான், பெயர்ப்பலகை இல்லை.

உரிமை நிஜமாகவே கை மாறியிருந்தால் முதலில் 19ஆம் பிரிவின்படி எழுதிக் கையெழுத்திட்ட உரிமை மாற்றுப் பத்திரம் வேண்டும். அதை வைத்துத்தான் படிவம் 15இல் மாற்றத்தைப் பதியக் கேட்க வேண்டும். பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் உரிமை 5 வருடத்துக்குத்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு வரி இல்லாத பத்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்கிறது. பழைய தேதி போட்டு இன்று எழுதுவதும் வேண்டாம். முத்திரைத்தாள் வாங்கிய தேதி அதன் முதுகிலேயே இருக்கும்.

அடுத்தது, வரைந்தவர் பெயர். கோயமுத்தூரில் ஒரு டிசைனரிடம் காசு கொடுத்து லேபிள் வரைந்து வாங்கிவிட்டு, விண்ணப்பத்தில் ஆசிரியர், அதாவது படைத்தவர், என்ற கட்டத்தில் முதலாளி தன் பெயரையே எழுதிவிடுகிறார். சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் முதலாளிதான். அப்போதும் ஆசிரியர் வரைந்தவரே. வெளியாளிடம் வரைந்து வாங்கிய லேபிளுக்கு, பணம் கொடுத்த பில்லை நம்பாமல் அவரிடம் உரிமை மாற்றுப் பத்திரம் எழுதி வாங்குங்கள். தெரிந்தே பொய்ப் பதிவு செய்தால் 67ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்.

தப்பான பதிவை அப்படியே விட்டுவிட்டு, அதே லேபிளுக்குப் புதிதாக ஒரு பதிவு போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு உங்களுடைய இரண்டு சான்றிதழையும் ஒன்றுக்கொன்று எதிராக நீட்டும்.

உரிமை யாருக்கு என்பதிலேயே தகராறு என்றால் பதிவாளரிடம் மனுப் போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. 50ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2021க்கு முன்பு இது மேல்முறையீட்டு வாரியத்தின் கையில் இருந்தது. பழைய மாதிரி மனுவைப் பார்த்து எழுதுபவர்கள் இன்னமும் அந்தப் பெயரையே போட்டுவிடுகிறார்கள்.

மஞ்சள்காரரிடம், "அப்பா நல்லா இருக்காருங்களா?" என்று கேட்டேன். "தோட்டத்துல தண்ணி கட்டிட்டு இருக்காருங்க" என்றார். அந்த வாரமே அப்பாவின் கையெழுத்தோடு, காலமும் இந்தியா முழுமைக்கும் என்ற எல்லையும் குறித்துப் பத்திரம் எழுதினோம். படிவம் அதற்குப் பிறகுதான் போனது.